கோலம் இல்லாத வாசல்

அடுத்த வாரம் தீபாவளி. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரமே வாழ்த்து ஆரம்பித்துவிட்டது. விளக்குச் சுடர் ஆடுகிறது, மத்தாப்பு பொறி சிதறுகிறது, லட்சுமியின் கையிலிருந்து காசு கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு, எங்கள் வீட்டில் தீபாவளியே இல்லாமல் போன வருஷத்தை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றி நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு நிம்மதி வருகிறது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

2018. அம்மா ஆவணியில் போய்ச் சேர்ந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் பெரியப்பா சொல்லிவிட்டார், "ஒரு வருசத்துக்கு நமக்குப் பண்டிகை கிடையாது." அவர் அதைத் துக்கமாகக்கூடச் சொல்லவில்லை. ரேஷன் கடையில் இந்த மாதம் பருப்பு கிடையாது என்பதுபோலச் சொன்னார். அவ்வளவுதான், தீர்ந்தது. துணி எடுக்க வேண்டாம். மாவு இடிக்க வேண்டாம். யாருக்கு எவ்வளவு, எந்தக் கடையில் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை தீபாவளி. அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று சாத்தூர் போயிருந்தேன். பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரம்தான் என்று உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்த முதல் தீபாவளி அது. தமிழ்நாட்டுக்கு காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஏழிலிருந்து எட்டு என்று வைத்தார்கள். சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கடிகாரம் பார்த்து வெடிப்பதாவது? நாலு மணிக்கே முதல் சரம் கேட்டுவிட்டது. ஆனால் எங்களை எழுப்ப ஆள் இல்லை. நல்லெண்ணெயில் மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சும் அந்த வாசனை இல்லை. படுத்தபடியே வெடிச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவும் விழித்துத்தான் இருந்தார், திண்ணைக் கட்டிலில் அவர் புரளும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டும் என்றும் இல்லை.

விடிந்து வாசலுக்குப் போனால் தெரு முழுக்கக் கோலம். எங்கள் வாசலில் மட்டும் தண்ணீர் தெளித்த ஈரம். அந்த வெறும் வாசலைப் பார்த்ததும் யாரும் படியேறி "தீபாவளி எப்படி?" என்று கேட்கவில்லை. தெருப்பிள்ளைகள்கூட ராக்கெட் பாட்டிலை நாலு வீடு தள்ளி நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். யாரோ பெரியவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

எட்டு மணி வாக்கில் எதிர்வீட்டு அத்தை கொல்லைப்பக்கமாக வந்தார். முந்தானைக்குள் எவர்சில்வர் தூக்குவாளி. உள்ளே பத்து இட்லி, கொஞ்சம் கறிக்குழம்பு, தனியாகத் தாளில் சுற்றி நாலு அதிரசம். வாழ்த்தில்லை, ஆறுதலில்லை. "பாத்திரத்த மட்டும் கழுவி வச்சிரு தாயி, நானே வந்து எடுத்துக்கிறேன்" என்றார்.

அந்த வார்த்தையின் கனம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. எங்கள் பக்கம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கமில்லை. ஒன்றுமே இல்லாவிட்டாலும் அடியில் ஒரு கரண்டிச் சீனியாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அத்தை அந்தச் சீனியிலிருந்து எங்களை விடுவித்துவிட்டுப் போனார்.

இந்த 'ஒரு வருசம் கிடையாது' என்பதை நான் காலேஜ் படித்த காலத்தில் மூடப்பழக்கம் என்று எள்ளி நகையாடியிருக்கிறேன். அதில் கொடுமையான பகுதியும் உண்டு, மறுக்கவில்லை. புருஷன் செத்த பெண்ணுக்கு ஒரு வருஷத்தோடு நிற்காமல் ஆயுசுக்கும் பண்டிகையைப் பிடுங்கிக்கொண்ட வழக்கமும் இதே வீட்டில், இதே திண்ணையில்தான் இருந்தது. ஆனால் அந்த வருஷக் கணக்கை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் அதற்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது மனசுக்குக் கொடுக்கிற மருத்துவ விடுப்பு. சந்தோஷமாக இருந்தே தீர வேண்டும் என்ற வேலையிலிருந்து விடுப்பு. விடுப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆளாளுக்கு நீட்ட வேண்டியதில்லை, வாசலே காட்டிக்கொடுத்துவிடும். பாளையங்கோட்டையில் என் தோழி வீட்டில் அவள் அண்ணன் இறந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டவில்லை. தெருவே விளக்காக இருக்க ஒரு வீடு மட்டும் இருட்டாக இருந்தது. அதுவும் இந்தக் கடிதம்தான்.

2022-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் தன்னுடைய நோய்க் கையேட்டைத் திருத்தி வெளியிட்டபோது நீடித்த துக்கம் என்பதை ஒரு கோளாறாகச் சேர்த்தது. யாராவது இறந்து எவ்வளவு நாளைக்குப் பிறகும் அந்தத் துக்கம் ஆளை எழவிடாமல் அமுக்கினால் அதை நோயின் கணக்கில் வைப்பது? பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்று வகுத்தார்கள். இதைப் படித்ததும் எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலோ ஆறு மாதம் போதும் என்கிறது. பெரியப்பா ஒத்துக்கொள்ள மாட்டார்.

கணக்கு முடிந்த வருஷத்தைப் பற்றி எந்தப் பெரியப்பாவும் ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் சங்கடம்.

2019-ல் வருஷத் தெவசம் முடிந்ததும் விடுப்பும் முடிந்தது. அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. "இந்த வருசம் நல்லபடியாக் கொண்டாடிரணும், அப்பதான் அவ ஆத்மா சாந்தியாகும்" என்று ஆளுக்கு ஆள் போன். நானும் தங்கையும் முந்தின வெள்ளிக்கிழமையே சாத்தூர் போய், கச்சைகட்டிக்கொண்டு முறுக்குக்கு உட்கார்ந்தோம். அம்மா எதையும் அளந்து போட்டவள் இல்லை. மாவைப் பிசைந்து, விரலில் ஒட்டியதை நாக்கில் வைத்து, "ம்" என்பாள். அந்த 'ம்'தான் செய்முறை. நாங்கள் யூடியூபைப் பார்த்துப் பிழிந்தோம். முதல் ஈடு எண்ணெயில் உதிர்ந்தது. இரண்டாவது ஈடு கல். தங்கை அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லையில் போய் நின்றுகொண்டாள். நான் கல்லாகிப் போன முறுக்கை ஒவ்வொன்றாக வாளியில் போட்டேன். டங் டங் என்று சத்தம் வந்தது.

கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயசுப் பிள்ளை ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்தது. சனி, ஞாயிறு, திங்கள் என்று தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்த தீபாவளி அது. தீபாவளி அன்று காலையில் புதுத்துணியும் நெற்றித் திருநீறுமாக அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்து அந்தக் குழிக்குள் இறங்கும் கயிற்றைப் பார்த்து அழுதார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் அழுதேன். நிறைய அழுதேன். அதில் எவ்வளவு அந்தப் பிள்ளைக்கு, எவ்வளவு அம்மாவுக்கு என்று எனக்கே தெரியாது. யாரும் கேட்கவுமில்லை. நல்ல நாளும் அதுவுமாக ஏன் அழுகிறாய் என்று அதட்ட அன்றைக்கு ஆள் இல்லை, எல்லோர் கண்ணும் நனைந்திருந்தது. செவ்வாய் விடிகாலையில் பிள்ளையை உயிரில்லாமல்தான் எடுத்தார்கள். ஊரான் வீட்டுப் பிள்ளையின் சாவுக்குப் பின்னால் ஒளிந்து என் அம்மாவுக்கு அழுதேனே என்று ரொம்ப நாள் குற்ற உணர்ச்சி இருந்தது.

அந்தத் தீபாவளிக் காலையில் இன்னொன்றும் நடந்தது. எண்ணெய் வைக்க யாருமில்லாமல் நானும் தங்கையும் விழித்துக்கொண்டு நின்றபோது, அப்பா கிண்ணத்தை எடுத்தார். எழுபத்திரண்டு வயசில், வாழ்க்கையில் முதல்தடவையாக, பெண்பிள்ளைகள் தலையில் எண்ணெய் வைத்தார். வைக்கத் தெரியவில்லை. மொத்தத்தையும் உச்சியில் கவிழ்த்துவிட்டார், கண்ணில் இறங்கிவிட்டது. எரிச்சலில் மூன்று பேரும் சிரித்தோம்.

எங்கள் வீட்டுத் துக்கத்துக்காவது ஒரு வருஷ விடுப்பும் வெறும் வாசலும் கிடைத்தன. ஊர் அங்கீகரித்த துக்கம் சாவு ஒன்றுதான். வேலை போனவனுக்குக் கோலத்தை நிறுத்தலாமா? விவாகரத்து வாங்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிற பெண்ணுக்கு? மூன்றாவது தடவையும் கரு தங்காமல் போனவளுக்கு? ஒன்றுமே நடக்காமல், காரணமே சொல்லத் தெரியாமல், ஆறு மாதமாக மனசு இருண்டு கிடக்கிறவனுக்கு? இவர்கள் எல்லோரும் குளித்து, புதுசு உடுத்தி, வாசலில் நின்று, வருகிறவர்களுக்குப் பல்லைக் காட்ட வேண்டும். வருகிறவர்கள் சும்மா வருவதில்லை. "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" "எப்ப கல்யாணச் சாப்பாடு?" "இப்ப எந்தக் கம்பெனி?" "ஏன் இப்படி எளைச்சுட்டே?" கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, பேச வேறு விஷயம் கிடையாது என்பதுதான் நிஜம். என் சித்தி ஒருவர் இளைத்திருக்கிறாய் என்றும் பெருத்துவிட்டாய் என்றும் ஒரே ஆளை ஒரே நாளில் சொல்லக்கூடியவர்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் பண்டிகை மனசைப் பற்றிப் பேசுவது பாசாங்கு. அப்பா அரசாங்க குமாஸ்தா. பண்டிகை முன்பணம் வாங்குவார். பத்துத் தவணையாகச் சம்பளத்தில் பிடிப்பார்கள். கடைசித் தவணை முடிந்து இரண்டு மாதம் முழுச் சம்பளம் வரும், அதற்குள் அடுத்த தீபாவளி வந்துவிடும். வருஷத்தில் அந்த இரண்டு மாதம்தான் அப்பா வீட்டில் பாட்டுப் பாடுவார். போனஸ் வாங்குகிற குடும்பங்களில் வேறு மாதிரி. சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், கூடினால் 20. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எத்தனை வீடுகளின் தூக்கம் தொங்குகிறது. மாதாமாதம் தீபாவளிச் சீட்டுக் கட்டி, ஸ்வீட்டும் வெடியும் வெள்ளிக் காசும் வரும் என்று பார்த்திருந்து, சீட்டுப் பிடித்தவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போன செய்தியைப் பேப்பரில் படிக்கும்போது போன பணத்தைவிட, பிள்ளைகளிடம் அன்றைக்கு ராத்திரி அந்த அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்றுதான் எனக்கு ஓடும்.

இந்த விஷயத்தில் என்னால் ஒன்று சொல்ல முடியும். எங்கள் வீட்டில் நாலைந்து வருஷமாகப் புரட்டாசியிலேயே இவ்வளவுதான் என்று ஒரு தொகையைப் பிள்ளைகள் காது கேட்கச் சொல்லிவிடுகிறோம். முதல் வருஷம் சின்னவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மறுவருஷம் அவனே ரங்கநாதன் தெருவில் ஒரு சட்டையின் விலைச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத எடுத்தா வெடி கம்மியாயிரும்ல?" என்றான். அவனுக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் அவனுக்குத் தெரியக்கூடாது என்ற பயம் இருந்திருக்கிறது.

அப்புறம் ஊருக்குப் போகிற பாடு. ரயில் டிக்கெட்டுக்கு முன்பெல்லாம் 120 நாள் முன்னால் உட்கார வேண்டும், 2024 நவம்பரிலிருந்து 60 நாள். காலை எட்டு மணிக்குத் திறந்து, நாம் கண்ணைக் கசக்குவதற்குள் காத்திருப்புப் பட்டியல். மிச்சப்பேர் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் பையும் பிள்ளையுமாக. இப்படிப் போய்ச் சேர்ந்தவர்களை நாலு மணிக்கு எழுப்பித் தலையில் எண்ணெயைத் தேய்த்தால் பத்து மணிக்கு வீட்டில் சண்டை வராமல் என்ன வரும்? பண்டிகைச் சண்டைகளில் பாதிக்குக் காரணம் பழைய பகை என்று நினைத்துக்கொள்கிறோம். பாதிக்கு மேல் தூக்கமின்மை. மூன்று ராத்திரி பலகாரம் சுட்ட பெண்ணிடம் மைசூர்பாகு கொஞ்சம் இறுகிவிட்டதே என்று சொல்கிற மாமனாருக்கு லேகியம் கொடுத்துப் பலனில்லை.

தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை முதல் தொண்ணூறு வயசுத் தாத்தா வரை அன்றைக்குக் குடிக்கிறார்கள், குடித்துவிட்டு வீட்டுக்குத்தான் வருகிறார்கள். அந்த ராத்திரிகளைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே ஒரு வரி மட்டும். மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 'இன்னிக்கு ஒரு நாள் சரக்கு, அதனால மாத்திரை வேண்டாம்' என்று தாங்களாகவே முடிவெடுப்பது இந்தச் சமயத்தில்தான் நிறைய நடக்கிறது. ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் மாத்திரை அட்டையை மறப்பது இன்னொன்று. நாலு நாள் லீவில் டாக்டரும் இருக்க மாட்டார், ஊர் மெடிக்கலில் அந்த மருந்தும் இருக்காது. திடீரென்று நிறுத்தினால் உடம்பும் மனசும் தடுமாறும் மருந்துகள் அவற்றில் பல. எனக்கு இது அனுபவப் பாடம். அம்மாவுக்குப் பிறகு இரண்டு வருஷம் நானே அந்த மாத்திரை சாப்பிட்டேன், ஒரு பொங்கலுக்கு அட்டையைச் சென்னையிலேயே வைத்துவிட்டுப் போய் நாலு நாள் தலை கிறுகிறுத்துக் கிடந்தேன். 'கண் பட்டிருக்கு' என்று சித்தி மிளகாய் சுற்றிப் போட்டார். மாத்திரை பற்றிச் சொல்ல எனக்கும் தைரியமில்லை. மிளகாயைச் சுற்றவிட்டேன்.

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் தற்கொலைகள் கூடிவிடும் என்று ஒரு நம்பிக்கை வருஷாவருஷம் பத்திரிகைகளில் வரும். கணக்குப் பார்த்தால் அங்கே டிசம்பர் மாதம்தான் குறைச்சலான மாதங்களில் ஒன்று. நல்ல நாளில் ஆட்கள் சுற்றி இருக்கிறார்கள் என்பது ஒரு காவல்தான் போலிருக்கிறது. அதனால் பண்டிகை வந்தாலே பதற வேண்டாம். வருத்தமாக இருக்கிற எல்லோரும் நோயாளியும் இல்லை. ஆனால் வீட்டில் ஒருவர் 'நான் இல்லாட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி' என்கிற மாதிரிப் பேசினால், 'நல்ல நாள்ல என்ன பேச்சு இது' என்று வாயை அடைத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து என்ன என்று கேளுங்கள். 14416 என்ற எண்ணை டயல் செய்தால் டெலி மானஸ் சேவையில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பார்கள். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இருக்கிற ஸ்நேகா அமைப்பும் இதற்கென்றே காது கொடுக்கிறது.

ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் ஒரு குடும்பம். அந்த வீட்டுக்காரருக்கு வேலை போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தீபாவளி அன்று காலை பெரிய டப்பா நிறைய அதிரசமும் முறுக்கும் எடுத்துக்கொண்டு போய் மணியடித்தேன். கதவு திறக்க நேரமாயிற்று. அந்தப் பெண் பழைய நைட்டியில் இருந்தாள், என்னைப் பார்த்ததும் தோளில் துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் ஊருக்கே கேட்கிற குரலில் "ஹேப்பி தீபாவளி!" என்றேன். "ஒரு நிமிஷம் இருங்கக்கா" என்று உள்ளே ஓடினாள். டப்பாக்கள் உருள்கிற சத்தம். வெறும் கையோடு திரும்பி வந்து, "அப்புறம் குடுத்து விடறேன்" என்றாள். நாலாம் நாள் என் டப்பா வந்தது. உள்ளே பெரிய கடையின் நெய் மைசூர்பாகு, அரைக்கிலோ. அப்போதுதான் என் தலையில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. என் அன்பு அந்த வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாமல் செலவு வைத்திருந்தது. அந்த மைசூர்பாகை நான் சாப்பிடவில்லை. சாப்பிடவில்லை என்பதால் ஒன்றும் மாறிவிடவும் இல்லை.

போன வருஷம் முன்வாசல் மணியை அடிக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலமே, மொட்டைமாடியில் துணி எடுக்க வந்தவளைப் பிடித்துக்கொண்டேன். சின்ன டப்பா, எட்டே எட்டு அதிரசம். "ஒண்ணும் திருப்பித் தராதே. கழுவி வச்சிரு, நானே வந்து எடுத்துக்கிறேன்" என்றேன். அத்தையின் குரல் என் வாயிலிருந்து வந்தது எனக்கே ஆச்சரியம். அவள் டப்பாவை வாங்கித் துணிக்கூடையில் வைத்துக்கொண்டாள். போகாமல் தண்ணீர்த் தொட்டித் திட்டில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். கீழே யாரோ புஸ்வாணம் விட்டுப் பார்த்தார்கள், பாதியில் அணைந்தது. "இவர் ரெண்டு நாளா சாப்பிடலைக்கா" என்றாள். அதற்குமேல் அரைமணி நேரம் பேசினாள். நான் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. என் சுபாவத்துக்கு அது பெரிய சாதனை.

நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேனே ஒழிய, போகவில்லை. அவளும் கொண்டுவரவில்லை. என்னிடம் இருந்ததில் மூடி இறுக்கமாகப் பிடிக்கிற டப்பா அது ஒன்றுதான். நேற்று மாவு இடித்து வந்தாயிற்று. இந்த வருஷத்து அதிரசத்துக்கு வேறு டப்பா தேடிக்கொண்டிருக்கிறேன்.